புள்ளி வைத்த பெயர்கள்

சர்வர் என்ற சொல்லைக் கேட்டால் எனக்கு இன்னமும் ஓட்டல் ஞாபகம்தான் வருகிறது. தோளில் ஒரு துண்டு, ஒரே கையில் நாலு டம்ளர் காபி, "ஸாருக்கு என்ன வேணும்?" என்று மேஜைக்கு மேஜை ஓட்டம். கம்ப்யூட்டர் உலகத்திலும் சர்வர் என்று ஒன்று இருக்கிறது. அதன் தொழிலும் கேட்டவருக்குக் கேட்டதைக் கொண்டுவந்து வைப்பதுதான். தூக்கமும் லீவும் கிடையாது என்பது ஒன்றுதான் வித்தியாசம். நாம் கைப்போனில் ஒரு படத்தைத் தொட்டவுடன், எங்கோ கண் காணாத தேசத்தில் ஒரு சர்வர் அதை எடுத்துப் பரிமாறுகிறது.

என் அக்கா வீட்டில் அப்படிப்பட்ட சர்வர் ஒன்று சொந்தமாகவே இருந்தது. கூடத்து அலமாரியின் மேல்தட்டில், வெற்றிலைப் பெட்டி அளவில் ஒரு சின்னப் பெட்டி. பக்கத்தில் ஒரு டிஸ்க். இரவும் பகலும் ஒரு பச்சை விளக்கு மினுக்கிக்கொண்டிருக்கும். உத்தியோகத்திலிருந்து ஓய்வு பெற்ற பிறகு மற்றவர்கள் சீட்டாடுகிற நேரத்தில் அத்தான் இந்தப் பெட்டியோடு மல்லுக்கட்டிக்கொண்டிருப்பார். குடும்பத்துக் கல்யாணப் படங்கள், குழந்தைகளின் சர்டிபிகேட்டுகள், என் கதைகளின் பிரதிகள் எல்லாம் அதற்குள் இருந்தன. எல்லாவற்றுக்கும் மேலாக, காலஞ்சென்ற எங்கள் அப்பா பழைய டேப்பு ஒன்றில் பேசி வைத்த நாற்பது நிமிஷப் பேச்சும் அதில் இருந்தது. எந்த ஊரிலிருந்து கேட்டாலும் பெட்டி எடுத்துக் கொடுக்கும்.

போன வருஷம் அத்தான் திடீரென்று காலமாகிவிட்டார். அது நடந்து மூன்றாவது மாதம், இடியும் மழையுமாக ஒரு ராத்திரி. கரண்ட் போயிற்று, வந்தது, மறுபடியும் போயிற்று. காலையில் அக்கா போன் செய்தாள்.

"பெட்டி செத்துப் போச்சுடா. விளக்கே எரியல்லே. அப்பா குரல் அதிலேதானே இருந்தது?"

என்ன பதில் சொல்வது என்று எனக்குத் தெரியவில்லை. பெட்டி எப்படி வேலை செய்தது என்பது அத்தான் ஒருவருக்குத்தான் தெரியும். நானோ காலேஜில் இரண்டு வருஷம் உட்கார்ந்துவிட்டு எழுத்தை நம்பி எழுந்து வந்தவன். யந்திரங்களுக்கும் எனக்கும் தூரத்து உறவுகூடக் கிடையாது. அந்தக் காலைக்குப் பிறகு சில வாரங்கள் நான் விசாரித்தும் படித்தும் தெரிந்துகொண்ட சரித்திரத்தைத்தான் இங்கே சொல்லப்போகிறேன். அக்கா வீட்டுப் பெட்டி என்னவாயிற்று என்பதைக் கடைசியில் சொல்கிறேன். முன்னால் சொன்னால் நீங்கள் சரித்திரத்தைப் படிக்க மாட்டீர்கள் என்பது கதாசிரியனுக்குத் தெரியாதா?

* * *

ஆதியில் கம்ப்யூட்டர் ஒரு கோயில் மாதிரி இருந்தது. கர்ப்பக்கிருகத்துக்குள் அர்ச்சகர்கள் மட்டுமே போகலாம். கணக்குப் போட வேண்டியவர் தம் கணக்கைத் துளையிட்ட அட்டைகளில் ஏற்றி வாசலில் கொடுத்துவிட்டுப் போக வேண்டும். சில மணி நேரம் கழித்தோ மறுநாளோ பிரசாதம் கிடைக்கும். ஒரு கமா தவறியிருந்தால் பிரசாதமும் இல்லை. திரும்பவும் முதலிலிருந்து வரிசையில் நிற்க வேண்டியதுதான்.

இந்த நிலையை மாற்ற எண்ணியவர்களில் ஒருவர் அமெரிக்காவில் எம்.ஐ.டி. என்னும் சர்வகலாசாலையில் இருந்த பெர்னாண்டோ கோர்பட்டோ. யந்திரம் மிக வேகமானது, மனிதன் மிக மெதுவானவன். ஒருவன் யோசிக்கும் நேரத்தில் யந்திரம் இன்னொருவன் வேலையைக் கவனிக்கலாமே என்பது யோசனை. 1961 நவம்பரில் அவர் இதை நடத்திக் காட்டினார். பலர் பல இடங்களில் உட்கார்ந்து ஒரே யந்திரத்தைத் தட்டலாம். ஒவ்வொருவருக்கும் அது தனக்கே சொந்தம் போலத் தோன்றும். சி.டி.எஸ்.எஸ். என்று அதற்குப் பெயர்.

கோயில் இப்படிச் சத்திரமாயிற்று. சத்திரம் என்றால் அவரவர் மூட்டைக்கு ஒரு மூலை வேண்டும். மூலைக்கு ஒரு பூட்டு வேண்டும். கம்ப்யூட்டரில் ரகசியச் சொல் புழக்கத்துக்கு வந்தது இந்தச் சத்திரத்தில்தான். தனி மனிதனுக்கு என்று யந்திரத்துக்குள் ஓர் இடம், 'இது என்னுடையது' என்று சொல்லிக்கொள்ளச் சில பைல்கள் என்று ஆனதும் இங்கேதான்.

இடம் கிடைத்தவுடன் மனிதன் என்ன செய்வான்? தன் சௌகரியத்துக்கு ஒழுங்கு பண்ணிக்கொள்வான். எம்.ஐ.டி.யில் அப்போது வந்து வேலை செய்துகொண்டிருந்த பிரெஞ்சுக்காரர் லூயி பூசான் என்பவருக்கு ஒரு சலிப்பு. தினம் தினம் அதே கட்டளைகளை அதே வரிசையில் தட்டிக்கொண்டிருப்பானேன்? கட்டளைகளை ஒரு பைலில் எழுதி வைத்துவிட்டு, "அதைப் படித்து அதன்படி செய்" என்று ஒரே வார்த்தையில் சொல்லிவிட்டால் போதாதா? 1963, 64-ஆம் வருஷங்களில் அதற்கு ஒரு புரோகிராம் எழுதினார். 'ரன்காம்' என்று அதற்குப் பெயர். கட்டளைகளை ஓட்டு என்பதன் சுருக்கம். மளிகைச் சாமான் பட்டியலைக் கடைப் பையனிடம் கொடுத்துவிட்டு நாம் திண்ணையில் உட்காருவது போல.

அறுபது வருஷம் ஆகிவிட்டது. அந்த யந்திரங்கள் இன்று இல்லை. ஆனால் கம்ப்யூட்டர்க்காரர்கள் தங்கள் சொந்த ஏற்பாடுகளை எழுதி வைக்கும் பைல்களில் பலவற்றின் பெயர் இன்றும் 'ஆர்.சி.' என்ற இரண்டு எழுத்தில் முடிகிறது. ரன்காமின் முதல் எழுத்துகள் அவை. ஊர் அழிந்தபின் பெயரில் மட்டும் ஒட்டிக்கொண்டிருக்கும் இனிஷியல் மாதிரி. மனிதனுக்கும் யந்திரத்துக்கும் நடுவே நின்று கட்டளை வாங்கிக்கொள்ளும் பகுதிக்கு 'ஷெல்' என்று பெயர் வைத்தவரும் இதே பூசான்தான்.

சத்திரத்தில் ஒரு விபத்தும் நடந்தது. 1960-களின் நடுவில் ஒரு நாள் பிற்பகல், சி.டி.எஸ்.எஸ்.ஸில் நுழைந்த ஒவ்வொருவருக்கும் வழக்கமாக வரும் அன்றைய அறிவிப்புக்குப் பதிலாக, எல்லாருடைய ரகசியச் சொற்களும் அடங்கிய பட்டியல் வரிசையாக அச்சாகி வந்தது! காரணம் மிகச் சின்னது. பைலைத் திருத்தும் புரோகிராம், திருத்தும்போது ஒரு தற்காலிகப் பைல் வைத்துக்கொள்ளும். அதற்கு எப்போதும் ஒரே பெயர். ஒரே இடத்தில் இரண்டு பேர் ஒரே சமயத்தில் திருத்த உட்கார மாட்டார்கள் என்று நம்பிச் செய்திருந்தார்கள். அன்று நிர்வாகிகள் இருவர் உட்கார்ந்துவிட்டார்கள். ஒருவர் அறிவிப்பை, மற்றவர் ரகசியப் பட்டியலை. இலைகள் மாறிவிட்டன. பிற்காலத்தில் கோர்பட்டோவுக்கு டூரிங் பரிசு கிடைத்தபோது, அதற்கான உரையில் இந்தக் கதையை அவரே சொன்னார். தம் வீட்டுச் சாதம் குழைந்த கதையைச் சபையில் சொல்ல எத்தனை பேருக்குத் தைரியம் வரும்?

* * *

எம்.ஐ.டி.க்காரர்கள் அடுத்து 'மல்ட்டிக்ஸ்' என்ற மாபெரும் மாளிகை ஒன்றைக் கட்டத் தொடங்கினார்கள். அமெரிக்க டெலிபோன் கம்பெனியின் ஆராய்ச்சிசாலையான பெல் லாப்ஸ் அதில் கூட்டாளி. மாளிகை எழும்ப எழும்பச் செலவும் தாமதமும் எழும்பின. 1969-இல் பெல் லாப்ஸ் விலகிக்கொண்டது. வேலை போன மேஸ்திரியைப் போல நின்றார் கென் தாம்ப்ஸன் என்ற நிபுணர். அவர் கண்ணில் அதிகம் உபயோகப்படாமல் கிடந்த பி.டி.பி.-7 என்ற சின்ன யந்திரம் ஒன்று பட்டது. அந்தக் கோடையில் அவர் மனைவி குழந்தையை எடுத்துக்கொண்டு உறவினரைப் பார்க்கப் போயிருந்தார். மனிதர் ஒரு மாதத்துக்குள் ஒரு குடிசை கட்டிவிட்டார். அந்தக் குடிசைதான் 'யூனிக்ஸ்'. இன்று உலகத்துச் சர்வர்களில் பெரும்பாலானவையும் நம் கைப்போன்களும் அதன் பிள்ளை, பேரன், அல்லது சாயல்.

மல்ட்டிக்ஸில் பட்ட அனுபவத்தால் தாம்ப்ஸனும் அவர் தோழர் டென்னிஸ் ரிச்சியும் எதையும் சுருக்கமாகச் செய்தார்கள். அந்தச் சுருக்கத்தில்தான் நம் கதைக்கு வேண்டிய புள்ளி விழுந்தது.

யூனிக்ஸில் பைல்கள் அறைக்குள் அறையாக வைக்கப்பட்டன. ஒவ்வோர் அறையிலும் 'இந்த அறை' என்பதற்கு ஒரு புள்ளியும், 'இதற்கு வெளி அறை' என்பதற்கு இரண்டு புள்ளியும் பெயராக வைத்தார்கள். அறையில் என்ன இருக்கிறது என்று பட்டியல் கேட்டால் இந்தப் புள்ளிகளும் முதலில் வந்து நின்றன. பார்க்க எரிச்சலாக இருந்தது. மறைக்க வேண்டும். "பெயர் ஒரு புள்ளியா, அல்லது இரண்டு புள்ளியா" என்று சரியாகச் சோதிப்பதற்குப் பதிலாக, "முதல் எழுத்து புள்ளியானால் விட்டுவிடு" என்று ஒரு வரி எழுதினால் வேலை சுருக்கம். இருவரில் ஒருவர் அப்படி எழுதிவிட்டார்.

விளைவு? புள்ளியில் தொடங்கும் எந்தப் பெயரும் பட்டியலில் தெரியாது! இதைக் கண்டுகொண்ட மற்ற புரோகிராம்காரர்கள், தங்கள் சில்லறை ஏற்பாடுகளை எல்லாம் புள்ளி வைத்த பெயரில் பைல் செய்து, உபயோகிப்பவரின் சொந்த அறையிலேயே போட ஆரம்பித்தார்கள். கண்ணில் படாது, யாரும் திட்ட மாட்டார்கள். மறைந்த பைல் என்ற விஷயமே திட்டமிட்டு வந்ததல்ல; அது ஒரு தவறின் சந்ததி என்று பெல் லாப்ஸில் பிறகு வந்து சேர்ந்த ராப் பைக் 2012-இல் ஒரு குறிப்பு எழுதியிருக்கிறார். ஒரு சோம்பல் வரியால் இன்று ஒவ்வொருவர் அறையிலும் டஜன் கணக்கில் புள்ளிப் பைல்கள் குவிந்து கிடக்கின்றன.

இதைப் படித்தபோது எனக்குச் சிரிப்பு வந்தது. நம் தமிழிலும் புள்ளிக்கு இப்படி ஒரு வேலை உண்டு அல்லவா? 'க' என்னும் எழுத்தின் தலையில் புள்ளி வைத்தால் அதிலிருக்கும் உயிர் ஓசை அடங்கிவிடுகிறது. நம் இலக்கணத்தில் புள்ளி ஓசையை அடக்குகிறது. யூனிக்ஸில் உருவத்தை அடக்குகிறது. நம்முடையது யோசித்துச் செய்தது. அவர்களுடையது யோசிக்காமல் செய்தது. அவ்வளவுதான்.

* * *

1970-களின் பிற்பகுதியில் கலிபோர்னியாவின் பெர்க்லியில் பில் ஜாய் என்ற மாணவர் 'வி.ஐ.' என்னும் எழுத்துத் திருத்தியையும், புதிய ஷெல் ஒன்றையும் எழுதினார். 1979-இல் பெல் லாப்ஸிலிருந்து யூனிக்ஸின் ஏழாம் பதிப்பு, ஸ்டீவ் போர்ன் எழுதிய ஷெல்லோடு வெளிவந்தது. எல்லாவற்றுக்கும் புள்ளி வைத்த ஏற்பாட்டுப் பைல்கள். நீ உள்ளே நுழைந்தவுடன் உன்னை எப்படி வரவேற்க வேண்டும், நீளமான கட்டளைக்கு நீ வைத்துக்கொண்ட செல்லப் பெயர் என்ன, எந்த விசையை அழுத்தினால் என்ன நடக்க வேண்டும், எல்லாம் அதில் எழுதிக்கொள்ளலாம்.

புதிதாக வந்த மாணவனுக்கு இதையெல்லாம் எழுதத் தெரியாது. பக்கத்து நாற்காலிக்காரரின் பைலைப் பிரதி செய்துகொள்வான். அவர் தம் சீனியரிடம் வாங்கியிருப்பார். நம் வீடுகளில் உறைமோர் வாங்குவது போலத்தான். யார் வீட்டில் முதலில் பால் தோய்ந்தது என்பது யாருக்கும் தெரியாது. தயிர் மட்டும் தலைமுறை தலைமுறையாக உறைந்துகொண்டே இருக்கிறது. பைலில் பாதி வரிகளுக்கு அர்த்தம் தெரியாவிட்டாலும் எடுக்கப் பயம். எடுத்துவிட்டு ஏதாவது நின்றுபோனால்?

இந்தப் பைல்கள் சின்னவைதான். ஆனால் ஒருவன் பத்து வருஷம் கொஞ்சம் கொஞ்சமாகத் திருத்திச் சேர்த்தவை. சமையலறையில் உப்பு எங்கே, புளி எங்கே என்று கண்ணை மூடிக்கொண்டு எடுக்கிற அம்மாவை வேறு வீட்டுச் சமையலறையில் கொண்டுபோய் விட்டால் எப்படித் தடுமாறுவாள்! புது யந்திரத்தின் முன் உட்கார்ந்தவன் நிலை அதுதான். ஆகவே வீடு மாறும்போது அஞ்சறைப் பெட்டியை மடியில் வைத்துக்கொண்டு போவது போல, இந்தப் பைல்களையும் கையோடு கொண்டுபோக வேண்டியதாயிற்று.

கொண்டுபோனால் மட்டும் போதுமா? நேற்று மாற்றியது சரியில்லை, முந்தாநாள் இருந்தபடி வேண்டும் என்றால்? திருத்தங்களை வரிசையாகக் காப்பாற்றும் கலை தனியே வளர்ந்தது. 1972-இல் பெல் லாப்ஸில் மார்க் ராக்கிண்ட் அதற்கு முதல் புரோகிராம் எழுதினார். 1982-இல் வால்ட்டர் டிக்கி என்பவர் மேலும் நல்லதாக ஒன்று செய்தார். 1986-இல் ஆம்ஸ்டர்டாமில் டிக் குரூன் என்ற ஆசிரியரும் அவருடைய இரண்டு மாணவர்களும் ஒரே வேலையை வெவ்வேறு வேளைகளில் செய்ய வேண்டியிருந்தது. ஒருவர் திருத்தம் மற்றவர் திருத்தத்தை அழிக்காமலிருக்க அவர் ஒரு வழி கண்டார். சி.டி.எஸ்.எஸ்.ஸில் இலை மாறிய அதே சங்கடத்துக்கு மருந்து!

1991-இல் பின்லாந்து தேசத்து மாணவர் லீனஸ் டார்வால்ட்ஸ் 'லினக்ஸ்' என்ற பெயரில் யூனிக்ஸ் சாயலில் ஒன்றை எழுதி, எல்லாருக்கும் இலவசமாகக் கொடுத்தார். ஆயிரக்கணக்கானோர் சேர்ந்து அதைத் திருத்தினார்கள். திருத்தங்களைக் காக்க அவர்கள் நம்பியிருந்த ஒரு கம்பெனியின் சாதனத்தை இனி இலவசமாகத் தர முடியாது என்று 2005-இல் சொல்லிவிட்டார்கள். டார்வால்ட்ஸ் அந்த ஏப்ரலில் சில நாட்களுக்குள் தாமே ஒன்று எழுதினார். 'கிட்' என்று பெயர். பெரிய பெரிய புரோகிராம்களுக்காகப் பிறந்ததை, புள்ளிப் பைல் வைத்திருந்த சாமானியர்களும் உடனே பிடித்துக்கொண்டார்கள். எந்த வரியை எந்தத் தேதியில் ஏன் மாற்றினோம் என்பதெல்லாம் அதில் இருக்கும். வேண்டிய நாளுக்குத் திரும்பிப் போகலாம்.

நம் உ.வே. சாமிநாதையர் இதைக் கண்டிருந்தால் என்ன நினைத்திருப்பார் என்று யோசித்தேன். அவர் 1887-இல் சீவக சிந்தாமணியை அச்சிட்டபோது, பல ஊர்களிலிருந்து தேடிய ஏட்டுப் பிரதிகளைப் பக்கத்தில் பக்கத்தில் வைத்து, இந்த ஏட்டில் இந்தப் பாடம், அந்த ஏட்டில் அந்தப் பாடம் என்று ஒப்பிட்டுக் கண்ணைக் கெடுத்துக்கொண்டார். பழைய பிரதியிலிருந்து புதிய ஏட்டில் எழுதிக்கொண்டவர்கள், எதை, எப்போது, ஏன் மாற்றினோம் என்று ஒரு வார்த்தை குறித்து வைத்திருந்தால் அவர் உழைப்பில் பாதி மிஞ்சியிருக்கும்.

இதிலும் ஓர் ஆபத்து உண்டு. 2008-இல் 'கிட்ஹப்' என்ற பொதுச்சாவடி ஒன்று வந்தது. அவரவர் புள்ளிப் பைல்களை அங்கே கொண்டுபோய் வைத்து, "என் உறைமோர் வேண்டியவர் எடுத்துக்கொள்ளலாம்" என்று உதாரமாக அழைத்தார்கள். 2013 ஜனவரியில் சாவடிக்காரர்கள் தேடுவதற்கு ஒரு புது வசதி செய்து கொடுத்தார்கள். தேடிப் பார்த்தவர்கள் திடுக்கிட்டார்கள். பலர் உறைமோரோடு வீட்டுச் சாவியையும் சேர்த்துச் சட்டியில் போட்டிருந்தார்கள்! அந்தரங்கச் சாவிப் பைல்களும் புள்ளி வைத்த அறைக்குள்ளேயே இருப்பவை. கண்ணுக்குத் தெரியாதது, ஆகையால் கவனத்துக்கும் தெரியவில்லை. மறைத்தது வேறு, பூட்டியது வேறு என்பதை மனிதன் எத்தனை தரம் கற்றாலும் போதாது போலிருக்கிறது.

* * *

இனிச் சர்வருக்கு வருவோம். உலகத்துக்கு இணையப் பக்கங்களைப் பரிமாறிய முதல் சர்வர், 1990 கடைசியில் ஸ்விட்ஸர்லாந்தின் ஜெனீவா அருகே 'செர்ன்' என்னும் பௌதிக ஆராய்ச்சிசாலையில் டிம் பெர்னர்ஸ்-லீயின் அறையில் இருந்த கறுப்புப் பெட்டி ஒன்று. அதன்மேல் சிவப்பு மையில் கையால் எழுதிய ஒரு சீட்டு ஒட்டியிருந்தது: இது சர்வர், யாரும் அணைத்துவிடாதீர்கள் என்று. இரவில் விளக்கணைக்க வரும் யாராவது அதையும் அணைத்துவிட்டால் உலகத்து இணையமே அணைந்துவிடும்! இன்று பத்திரமாகக் காப்பாற்றப்படும் அந்தப் பெட்டியைப் பற்றிப் படித்தபோது எனக்கு அக்கா வீட்டு அலமாரிதான் நினைவுக்கு வந்தது. வேலைக்காரி தூசி தட்டும்போது பிளக்கைப் பிடுங்கிவிடாமலிருக்க அத்தானும் அங்கே ஒரு சீட்டு ஒட்டியிருந்தார்.

1993 ஏப்ரலில் செர்ன் இந்தச் சாதனத்தை எல்லாருக்கும் பொதுவாக்கிவிட்டது. 1995-இல், அமெரிக்காவில் எழுதப்பட்டுக் கவனிப்பாரற்றுப் போயிருந்த ஒரு சர்வர் புரோகிராமை, அதை உபயோகித்தவர்களே ஆளுக்கு ஓர் ஒட்டுப் போட்டுச் செப்பனிட்டு 'அப்பாச்சி' என்று வெளியிட்டார்கள். விலையில்லா லினக்ஸ், விலையில்லா அப்பாச்சி, ஒரு பழைய கம்ப்யூட்டர். இவ்வளவு இருந்தால் யாரும் சொந்தமாகச் சர்வர் வைக்கலாம் என்றாயிற்று.

ஆனால் பெரும்பாலோர் வைக்கவில்லை. வாடகையே வாங்காமல் வீடு கொடுக்கப் பெரிய கம்பெனிகள் முன்வந்தபோது சொந்த வீடு கட்ட யார் மெனக்கெடுவார்கள்? 1994-இல் தொடங்கிய 'ஜியோசிட்டீஸ்' என்ற இலவசக் குடியிருப்பில் லட்சக்கணக்கானோர் தங்கள் பக்கங்களை எழுதி வைத்தார்கள். கை மாறி, 2009 அக்டோபரில் அது மூடப்பட்டது. புண்ணியவான்கள் சிலர் ஓடிப்போய் அள்ளியது ஒரு பகுதி, மற்றவை போயின. 2013 ஜூலையில் கூகிள், பலர் தினமும் காலைப் பத்திரிகை போல நம்பியிருந்த தன் 'ரீடர்' வசதியை நிறுத்தியது. எனக்கும் இதில் சொந்த அனுபவம் உண்டு. ஓர் இலவச இடத்தில் ஐந்து வருஷம் நான் எழுதிய குறிப்புகள், முப்பது நாள் நோட்டீஸில் மறைந்தன. நோட்டீஸ் வந்த கடிதத்தை நான் பார்த்தது நாற்பதாவது நாள்.

அதற்குப் பிறகு சிலர் மறுபடி சொந்த வீட்டைப் பற்றி யோசித்தார்கள். காலமும் உதவிற்று. 2012 பிப்ரவரி 29-ஆம் தேதி இங்கிலாந்தில் 'ராஸ்பெரி பை' என்ற உள்ளங்கை அளவுக் கம்ப்யூட்டர் 35 டாலர் விலையில் வெளிவந்தது. பள்ளிப் பிள்ளைகள் கற்றுக்கொள்வதற்காகச் செய்தது. பிள்ளைகளோடு தகப்பன்மார்களும் வாங்கி வீட்டுச் சர்வராக்கினார்கள். அக்கா வீட்டுப் பெட்டியும் இந்த ஜாதிதான். 2015 கடைசியில் 'லெட்ஸ் என்க்ரிப்ட்' என்ற தரும ஸ்தாபனம், வழியில் யாரும் ஒட்டுக்கேட்காதபடி பூட்டுவதற்கு வேண்டிய அத்தாட்சியை இலவசமாக வழங்க ஆரம்பித்தது.

சொந்த வீடு என்றால் சந்தோஷம் மட்டும்தானா? வாடகை வீட்டில் ஓட்டை விழுந்தால் வீட்டுக்காரனைத் திட்டலாம். சொந்த வீட்டில் ஓட்டை விழுந்தால் நாமேதான் கூரை ஏற வேண்டும். திருடன் வந்தாலும் நாமே, கரையான் வந்தாலும் நாமே. பெரிய கம்பெனிகளில் இரவு பகலாகக் காவல் காக்க ஆட்கள் இருக்கிறார்கள். அக்கா வீட்டில் அத்தான் ஒருவர்தான் இருந்தார். இதை மறைத்துவிட்டுச் சொந்தச் சர்வரை மட்டும் புகழ்ந்தால் அது நியாயமாகாது.

ஆனால் பெரிய இடங்களிலும் கூரை ஒழுகாமலில்லை. 1998-இல் பிக்ஸார் படக் கம்பெனியில் 'டாய் ஸ்டோரி' இரண்டாம் பாகம் தயாராகிக்கொண்டிருந்தபோது, யாரோ ஒருவர் தட்டிய அழிக்கும் கட்டளை ஒன்று தவறான இடத்தில் ஓடிவிட்டது. திரையில் பாத்திரங்கள் ஒவ்வொன்றாக மறைந்தன. ஓடிப்போய் யந்திரத்தை அணைத்தார்கள். பரவாயில்லை, பிரதி இருக்கிறது என்று எடுத்துப் பார்த்தால், பிரதி எடுக்கும் ஏற்பாடு சில காலமாகவே சரியாக வேலை செய்யவில்லை! அப்போது கேலின் ஸஸ்மன் என்ற அம்மையாருக்கு ஒன்று நினைவு வந்தது. கைக்குழந்தைக்காரியான அவர் வீட்டிலிருந்தே வேலை செய்வதற்காகப் படத்தின் பிரதி ஒன்று அவர் வீட்டுக் கம்ப்யூட்டரில் இருந்தது. போர்வைகளால் சுற்றி, காரில் குழந்தையைப் போல் வைத்து அதைக் கொண்டுவந்தார்கள். படம் பிழைத்தது. பிறகு கதை பிடிக்கவில்லை என்று பெரும் பகுதியைத் திரும்ப எழுதி 1999-இல் வெளியிட்டார்கள் என்பது வேறு விஷயம்.

கோடிக்கணக்கான டாலர் கம்பெனியைக் காப்பாற்றியது ஒரு வீட்டு மூலை. இதற்குப் பொருள் வீடுதான் உயர்ந்தது என்பதல்ல. ஒரே இடத்தில் இருப்பது இல்லாததற்குச் சமம். எடுத்துப் பார்க்காத பிரதி பிரதியே அல்ல. அவ்வளவுதான்.

* * *

அக்கா வீட்டுக்குப் போனோம். பெட்டி போயிருந்தது, மின்னல் வேகத்தில் பக்கத்திலிருந்த டிஸ்க்கும் போயிருந்தது. அக்கா மகன் பெங்களூரிலிருந்து வந்து கழற்றிப் பார்த்துவிட்டு உதட்டைப் பிதுக்கினான்.

அத்தானின் மேஜை டிராயரில் ஒரு நீளமான கணக்கு நோட்டு அகப்பட்டது. முதல் பக்கத்தில் அவர் கையெழுத்து. பெட்டி நின்றுவிட்டால் என்ன வாங்க வேண்டும், யாரைக் கூப்பிட வேண்டும், ஏற்பாட்டுப் பைல்கள் எல்லாம் எங்கே இருக்கின்றன என்று ஒன்று, இரண்டு, மூன்று என்று எழுதியிருந்தார். நாலாவது வரியில் என் பெயர். மாதத்தின் முதல் ஞாயிற்றுக்கிழமை அவர் என் வீட்டுக்கு வந்து, ஒரு பிஸ்கட் டின்னைக் கொடுத்து, முன்பு கொடுத்ததை வாங்கிக்கொண்டு போவார். "உள்ளே டிஸ்க் இருக்கு. கீழே போடாதே" என்பார். காபி சாப்பிடுவதற்கு ஒரு சாக்கு என்று நினைத்து நானும் அதைப் பரண்மேல் வைத்துவிடுவேன்!

டின் வந்தது. புதுப் பெட்டி ஒன்று வாங்கினோம். டிஸ்க்கில் படங்களும் குரலும் மட்டுமல்ல. புள்ளி வைத்த பைல்களும், சர்வரின் ஏற்பாட்டுப் பைல்களும், ஒவ்வொரு மாற்றமும் தேதியோடு, ஓர் அறையில் அடுக்கி இருந்தன. பையன் அவற்றைப் புதுப் பெட்டிக்குள் எடுத்து வைத்தான். மாலை ஆறு மணிக்குப் பச்சை விளக்கு எரிந்தது. அக்கா கூடத்துத் தரையில் உட்கார்ந்து அப்பாவின் நாற்பது நிமிஷத்தையும் முழுவதும் கேட்டாள்.

எல்லாம் வந்துவிடவில்லை. அத்தான் கடைசியாக டின் கொடுத்தது அவர் போவதற்கு நாலு வாரம் முன்பு. போனில் எடுத்த படங்களைப் பெட்டிக்கு மாற்றிவிட்டுப் போனைக் காலி செய்துவிடுவது அவர் வழக்கம். ஆகவே அவர் எடுத்த கடைசி மாதத்துப் படங்கள் எங்கும் இல்லை. அவருக்குப் பிறகு டின் மாற்ற யாருக்கும் தோன்றவில்லை. எனக்கும்தான்.

பையன் பைல்களைத் திறந்தபோது நான் தோள்மேல் எட்டிப் பார்த்துக்கொண்டிருந்தேன். எனக்குப் புரியாத வரிகளுக்கு நடுவே தமிழில் சில வரிகள் தெரிந்தன. ஒரு தனிக் குறியை முன்னால் போட்டு எழுதிய வரியை யந்திரம் படிக்காது, அது மனிதர் படிப்பதற்கு என்று பையன் சொன்னான். ஒரு வரியில் இப்படி இருந்தது: "இதை எடுத்துவிடாதே. எடுத்தால் உங்கள் அம்மா போனில் தாத்தா குரல் வராது."

இப்போது முதல் ஞாயிற்றுக்கிழமைகளில் நான் டின்னோடு அக்கா வீட்டுக்குப் போகிறேன். காபியும் கிடைக்கிறது.